கண்மை

"அசையாதக்கா" என்றபடி மணப்பெண் வாசுகிக்குக் கண்மை தீட்டிக்கொண்டிருந்தாள் தங்கை அமுதினி. வாசுகிக்கு அப்பாவின் கைநடுக்கம் அப்படியே வந்திருந்தது; கல்யாணத்தன்றுகூடத் தானே மையிட முடியவில்லை. தங்கைக்கு மட்டும் கருவிலேயே மரபணுவைத் திருத்திவிட்டார்கள். "நீ வயித்துல இருந்தப்ப அந்த வைத்தியமே வரலடி" என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

இமையோரம் கோடு பிசிறில்லாமல் ஓடியது. அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்க வாசுகிக்கு வயிறு எரிந்தது. வேண்டுமென்றே தலையை இம்மியளவு அசைத்தாள். கோடு கோணி இழுபட்டது.

அமுதினி வெளிறிப்போய்த் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். "அக்கா, என் கையா நடுங்குச்சு?"

"லேசாத்தான்" என்ற வாசுகி, அந்தக் கையைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். இப்போது எல்லாக் கைகளும் நடுங்கின.