கொலையாளி வைத்தியர்தான்!

சல்கினாய் போட்டு உடைத்துவிட்டாள்.

‘ஓநாய்க் கணவாய்’ நாவலுக்கு அவள் எழுதிய விமர்சனத்தின் முதல் வரியே, “கொலையாளி வைத்தியர்தான்!”

பிஷ்கேக் வாசகர் குழு அன்று மதியம் கொதித்துப் போனது.

“பாவி! நான் பாதியிலதான் இருக்கேன்!”

“இவளுக்குக் கை சும்மாவே இருக்காதா?”

“மேரிம் அக்கா, இவளைத் தூக்குங்க முதல்ல!”

குழுவை நடத்துகிறவள் மேரிம். மாயக் கதையோ, மர்மக் கதையோ, இளையோர் கதையோ, முடிவைச் சொன்னவருக்குக் குழுவில் இடமில்லை. அவள் போட்ட ஒரே சட்டம் அது.

அதிலும் இந்தப் புத்தகத்துக்கா இப்படி! பனி மூடிய கணவாயில் ஒரு சத்திரம். ஆறு ஆண்கள், சமைத்துப் போட ஒரு பெண். அவர்களில் யாரோ ராத்திரியானால் ஓநாயாக உருமாறிக் கொலை செய்கிறார். அது அந்தச் சமையல்காரிதான் என்று கடைசிப் பக்கத்தில் படித்தபோது மேரிமுக்குப் புல்லரித்துவிட்டது. தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

நாவல் கிர்கிஸ் மொழியில். அன்று காலைதான் மேரிம் அதற்கு, குழு வழக்கப்படி ரஷ்ய மொழியில், விமர்சனம் போட்டிருந்தாள். ஆண், பெண் என்றுகூடக் காட்டாமல் எத்தனை ஜாக்கிரதையாக எழுதினாள்! மத்தியானத்துக்குள் இந்தப் பெண் வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள்.

அதைவிடக் கொடுமை, சொன்ன முடிவே தப்பு.

போனை எடுத்தாள்.

“சல்கினாய், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே?”

“தெரியாம எழுதிட்டேன்க்கா.”

“அதுவும் தப்பா எழுதியிருக்கே! கொலையாளி வைத்தியரே இல்லையே. கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே விமர்சனம் எழுதினியா?”



“ஆமாக்கா. படிக்கலை.”

விமர்சனம் எழுதுகிறவர்கள் வாயிலிருந்து வரவே கூடாத வார்த்தை அது.

“இந்த எழுத்தாளரோட அடுத்த நாவலை அச்சுக்கு முன்னாடியே படிக்க உன் பேரைத்தான் பதிப்பகத்துல சொல்லி வச்சிருந்தேன். இனிமே நீ குழுவிலயும் இல்லை, அந்தப் புத்தகமும் உனக்கில்லை.”

“சரிக்கா.”

சல்கினாயை நீக்கினாள் மேரிம். அவள் சொன்னது தப்பு என்று குழுவில் சொல்லவும் வழியில்லை. சொன்னால் அதுவும் ஒரு துப்பாகிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாட்டு மேசையில் நாவலும் கையுமாக இருந்த மேரிமின் கணவன் எர்மேக், “அட கடவுளே!” என்று எழுந்த வேகத்தில் போர்சோக் தட்டு கவிழ்ந்து, பொரித்த மாவுத் துண்டுகள் தரையெல்லாம் உருண்டன.

“சமையல்காரியா! கடைசிப் பக்கம் வரைக்கும் வைத்தியர்னே நம்பிட்டு வந்தேனே!”

“இப்பவாவது தெரியுதா, சல்கினாய் படிக்காம எழுதின லட்சணம்?”

“அவளைத் திட்டாதே. அவ புண்ணியத்துலதான் எனக்கு இந்த அதிர்ச்சியே கிடைச்சுது. இல்லேன்னா, உன் விமர்சனத்துலயே எனக்குத் தெரிஞ்சு போயிருக்குமே!”

“என் விமர்சனத்துலயா?”

எர்மேக் போனை அவள் முன் நீட்டினான்.

“ ‘கொலையாளி தடயம் எதையும் விட்டுவைக்கவில்லை.’ நீ எழுதினதுதானே? நம்ம கிர்கிஸ் மொழியில அவனும் ‘அல்’தான், அவளும் ‘அல்’தான். எழுதினவர் அதை வச்சே கடைசி வரைக்கும் ஒளிச்சிருக்கார். ரஷ்ய மொழியில அப்படியா? செஞ்சது பொம்பளைன்னா வினையோட வால்ல ஒரு ‘அ’ ஒட்டிக்கும். நீ ஒட்டியிருக்கே, பாரு. சத்திரத்துல இருக்கிறதே ஒரு பொம்பளைதான்!”

மேரிம் பார்த்தாள். ஒரே ஓர் எழுத்து. எத்தனையோ தடவை படித்துப் பார்த்தும் அவள் கண்ணில் படாத எழுத்து.

“சமையல்காரின்னு நானும் அன்னிக்கே நினைச்சேன். மத்தியானமே சல்கினாய் வைத்தியர்னுட்டா. சும்மாவா சொன்னா? நாய் அவரைப் பார்த்துக் குரைச்சது, அவர் கையுறையைக் கழட்டாதது, எல்லாத்தையும் சாட்சியா அடுக்கிட்டா. அப்புறம் உன்னோட ‘அ’ எழுத்துப் பிழைதான்னு விட்டுட்டேன். எல்லாரும் அப்படித்தான் விட்டிருப்பாங்க.”

“என்கிட்ட சொல்லியிருந்தா நான் திருத்தியிருப்பேனே...”

“திருத்தினா ‘திருத்தப்பட்டது’ன்னு அடியில விழுமே. எது மாறியிருக்குன்னு நம்ம ஆளுங்க பூதக்கண்ணாடி வச்சுத் தேட மாட்டாங்களா?”

மேரிமுக்கு மறுபடியும் புல்லரித்தது. இந்தத் தடவை நாவலை நினைத்து அல்ல. புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவளால்தான் அப்படி ஒரு பொய்யை ஜோடிக்க முடியும். ஊரார் ஆச்சரியம் கெடாமல் இருக்க, விமர்சகி என்ற பெயரையே அடகு வைத்துவிட்டாளே! அவளையா சட்டம் பேசித் துரத்தினோம்?

அழுதுகொண்டே போன் செய்தாள்.

“சல்கினாய், அந்த ‘அ’வை நான் பார்த்துட்டேன். முடிவைச் சொன்னது நான்தான், நீ இல்லை. இப்பவே குழுவுல எல்லாத்தையும் எழுதிடறேன்.”

“ஐயோ, வேண்டாங்க்கா!” பதறினாள் சல்கினாய். “இன்னும் பாதிப் பேர் படிச்சு முடிக்கலை. அதுவரைக்கும் நான் படிக்காதவளாவே இருந்துட்டுப் போறேன்.”