இறங்கிய எண்

அவள் தலை நிமிரவில்லை.

மாமியார்தான் கவுண்டரில் நின்று ரிப்போர்ட்டை வாங்கினாள்.

முந்தாநாள் ரத்தத்தில் பீட்டா, கர்ப்பம் காட்டும் ஹார்மோன், நூற்றுப்பத்து இருந்தது. மாமியார் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தாள்.

இன்றைக்கு முப்பத்தெட்டு.

"ஏறோணும்னு தான சொன்னாங்க. எறங்கிக் கெடக்குது."

மாமியார் திரும்பினாள். லேப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"ஸ்கூட்டிய எடுக்காதன்னு சொன்னனா இல்லியா? தங்கின உசுரத் தொலைச்சுப்போட்டு உக்காந்திருக்கறா பாரு."

எதுவும் தொலையவில்லை. தங்கியதா என்று இன்னும் யாருக்கும் தெரியாது.

முந்தாநாள் எண்ணைக் காட்டியது, கருமுட்டை வெடிக்கப் போட்ட ஊசி. அதற்குள் இருப்பதும் இதே ஹார்மோன்தான். பதினாலு நாள் பொறுத்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புருஷனுக்குப் பொறுக்கவில்லை. ஆறாம் நாளே கூட்டிவந்தான். ஊசி காட்டிய எண்ணைப் பிள்ளை என்று அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னான்.

ஊசியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ட்ரீட்மெண்ட் என்று தெரிந்தால் யாருக்குக் குறை என்ற கேள்வி வரும். குறை அவனுக்கு. வெளியே சொல்ல மாட்டேன் என்று அவள் அம்மா மேல் சத்தியம் செய்யச் சொன்னான். அவளும் செய்தாள்.

லேப் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, ஹெச்சிஜி ஊசி ஏதாச்சும் போட்டீங்களா? போட்டிருந்தா இப்பிடித்தான் எறங்குமுங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

"ஊசியா? எதுக்கு ஊசி? எம் பையனுக்கு என்ன கேடு?"

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை போதும்.

அவன் போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் ஒண்ணும் போடலீங்க," என்றான்.

லேப் பெண் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

அவள் எழுந்தாள். அத்தனை பேர் முன்னாலும் சேலையை இடுப்பில் ஒதுக்கினாள்.

தொப்புளுக்குப் பக்கத்தில் ஊசி இறங்கிய இடம். கன்றிப்போய், நீலம் பச்சையாகியிருந்தது.

"வூட்லயே வெச்சுப் போட்டது யாருன்னு உங்க பையனையே கேளுங்க, அத்தை."

மாமியார் அந்த இடத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

மகன் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"சீலைய இழுத்து வுடு. ஆளுங்க பாக்கறாங்க."

அவள் இழுத்துவிடவில்லை.