முன்னும் பின்னும்

மன்னார்குடி கடைத்தெருவில் இருந்த அழகு நிலையத்துக்குள் எழில்மொழி ஆவேசமாக நுழைந்தாள்.

"யாரைக் கேட்டு என் மூஞ்சிய பேனர்ல போட்டீங்க? கூட நடவு நடுற பொம்பளைங்க எல்லாம் கேலி பண்ணுறாங்க!"

வாசல் பேனரில் 'முன்' என்ற இடத்தில் கருத்துச் சுருங்கிய அவள் முகம். 'பின்' என்ற இடத்தில் அதே மூக்கு, அதே கண்ணோடு ஒரு வழவழப்பான முகம்.

"எங்க கிரீமைப் போட்டவங்களோட போட்டோதாம்மா அது," என்றார் உரிமையாளர் ஜெயபால்.

"நான் எந்தக் கிரீமும் போட்டதில்ல. எங்க அண்ணன் கல்யாண போட்டோவ ஸ்டுடியோவுல வாங்கி வெட்டியிருக்கீங்க!"

"சும்மா கத்தாதம்மா. ரெண்டும் ஒரே ஆளுதான்னு பச்சப்புள்ளகூட சொல்லும். பத்து வயசு குறைஞ்சிருக்கு பாரு!"

எழில்மொழிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"பூவிழி, உள்ள வாடி!"

உள்ளே வந்தவளைப் பார்த்து ஜெயபால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பேனரில் இருந்த வழவழப்பான முகம் நேரில் நின்றது.

"ரெட்டைப் புள்ளைங்கய்யா நாங்க! இவ தஞ்சாவூர் பேங்க்ல ஏசியில உக்காந்திருக்கா. நான் வெயில்ல வெந்து நாத்து நடுறேன். இதுல உங்க கிரீம் எங்கய்யா வந்துச்சு?"