ஜாமீன் கையெழுத்து

லோனுக்கு ஒரு சம்பளக்காரர் ஜாமீன் போட வேண்டும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். நிலக்காரர் தணிகாசலம் ஊரெல்லாம் அலைந்துவிட்டு, ஒருகாலத்தில் தன் வயலில் நாற்று நட்ட ஆரோக்கியமேரியிடமே வந்து நின்றார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் அவள் இப்போது பர்மனெண்ட்.

மேரி மறக்கவில்லை. அன்று மாட்டு லோனுக்கு அவள் ஜாமீன் கேட்டபோது, "கைநாட்டுக்கெல்லாம் எவன்டி ஜாமீன் போடுவான்?" என்று ஊர் பார்க்கச் சிரித்தவர் இவர்.

"போட்றேன், வாங்கய்யா."

பொன்னேரி பேங்கில் மேனேஜர் பேனாவை நீட்டினார். மேரி வாங்கவில்லை.

"மை டப்பா குடுங்க சார்."

"நீங்க கையெழுத்துப் போடுவீங்களே?"

"இவரு சிரிச்ச அன்னிக்கே கத்துக்கினேன் சார்." கட்டைவிரலை மையில் அழுத்தி, தணிகாசலத்தின் கண்ணெதிரே தாளில் ஊன்றினாள். "ஆனா, ஐயாவுக்கு ஒரு கைநாட்டுதான் ஜாமீன் போட்டுச்சுன்னு பேப்பர்ல இருக்கட்டும்."