எட்டுப் பேர் மேளம்

"எட்டுப் பேர் மேளம் வரலைன்னா என் மகன் தாலி கட்ட மாட்டான், சம்பந்தி."

பொன்னம்மா சொன்னதைக் கேட்டு நல்லையா கல்யாணச் செலவுப் பட்டியலிலிருந்து நிமிர்ந்தார். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்தே நாள்.

மலாய் நாட்டுக் காஜா பெராங்கில் வீடு வீடாகப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர் நல்லையா. வயசுக்கு வந்த இரண்டு பெண்களை வீட்டில் வைத்துக்கொண்டு, தெருவில் ஜப்பான்காரன் பூட்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் நெஞ்சில் நெருப்போடு இருந்தவர். மூத்தவள் சீதாவுக்கு வரன் அமைந்ததே முருகன் புண்ணியம்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவன் இந்தக் காலத்தில் இருந்திருந்தால் வீட்டோடு நிறுத்திக்கொண்டிருப்பான். பட்டியல் போட்டு முடித்த பிறகுதான் ஒவ்வொன்றாக முளைத்தது. விளக்குக்கு எண்ணெய். ஐயருக்கு வேட்டி. கூட்டம் கூட அனுமதி எழுதித் தரும் கிராணிக் குமாஸ்தாவுக்குத் தினமும் ஒரு படி பால், பத்து நாளைக்கு. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்துவிட்டார். இப்போது மேளம்!

"இந்தக் காலத்துல யாரு மேளம் வைக்கிறா, சம்பந்தியம்மா? ஜப்பான்காரன் காதுல விழுந்தா?"

"விழட்டும். என் மகன் கல்யாணம் என்ன களவா, ஓசையில்லாம முடிக்க?"

"சரி, ஒரு நாயனம், ஒரு தவில்..."

"எட்டுப் பேர். எல்லாரும் எங்க புக்கிட் ரம்பாய் ரப்பர்த் தோட்டப் பக்கம்தான். நானே பேசிட்டேன். போக வர பாஸ் மட்டும் நீங்க வாங்கிக் குடுங்க. கூலி அரிசியா குடுத்துடுங்க. ஜப்பான்காரன் அடிச்ச இந்த வாழைமர நோட்டை வச்சு என்ன பண்றது?"

அவள் போனதும் நல்லையாவின் மனைவி சிவகாமசுந்தரி பொரிந்து தள்ளினாள்.

"புருஷன ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் போடப் புடிச்சிட்டுப் போயி நாலு மாசமாச்சு. உசுரோட இருக்காரான்னு தெரியாது. இவளுக்கு எட்டுப் பேர் மேளம் கேக்குதா!"

"வாய மூடு. பொண்ணு வாழப் போற வீடு."

மனைவியை அடக்கினாரே தவிர, அவர் மனசும் அதையேதான் சொன்னது. மறுநாள் பால் ஊற்றும் சைக்கிளை விற்று அரிசி வாங்கினார். கிராணிக்கு இன்னும் ஐந்து படி பால் அழுது, எட்டுப் பேருக்குப் பாஸ் வாங்கினார். மிச்சமிருந்த நாளெல்லாம் பால் கேனைத் தலையில் சுமந்து நடந்தார். அடிக்கு ஒரு தடவை பொன்னம்மாவைத் திட்டினார்.

ஆவணி முகூர்த்தம். மேளக்காரர்கள் எட்டுப் பேரும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை ஜெயபாலன் தாலி கட்டும்போது நாயனமும் தவிலும் தெருவையே தூக்கின. பயந்து பயந்து வந்திருந்த சனங்கள் கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆனால் வாசித்தது இரண்டே பேர்!

மற்ற ஆறு பேரும் பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் தவிலைத் தலைகீழாய் மடியில் வைத்திருந்தான். தாளம் வைத்திருந்தவன் நினைத்தபோது ஒரு தட்டுத் தட்டினான்.

நல்லையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தி தொடங்கியதும் நேரே அவர்களிடம் போனார்.

"டேய், உனக்கு என்னடா வாசிக்கத் தெரியும்?"

தவில் வைத்திருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டான். விரல் இடுக்கெல்லாம் காய்ந்த ரப்பர்ப் பால்.

"என் சைக்கிள வித்த அரிசிடா! எட்டுப் பேர்னு ஏமாத்தி... வாசல்ல போலீஸ்காரர் நிக்கிறாரு. கூப்பிட்டுச் சொல்லவா?"

பொன்னம்மா ஓடி வந்தாள். அவர் தோள் துண்டைப் பிடித்து அடுக்களைப் பக்கம் இழுத்தாள்.

"சம்பந்தி, உங்க காலைப் புடிக்கிறேன், சத்தம் போடாதீங்க! எங்க தோட்டத்துல சயாம் வேலைக்கு ஆள் பேர் எழுதிட்டாங்க. இந்த ஆறு பேரும் நாளைக்குக் காலையில சயாம் ரயில் ஏறணும்."

நல்லையா திரும்பி அந்த ஆறு பேரையும் பார்த்தார்.

"பாஸ் இல்லாம தோட்டத்தத் தாண்ட முடியாது. மேளக்காரங்கன்னா விடுவான். சாப்பிட்டதும் சாமான் வண்டியில ஏறிக் குருபோங் போயிடுவாங்க. அங்க காட்டுக்குள்ள எங்க அண்ணன் மரவள்ளி போட்டிருக்காரு."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"உங்களுக்கு மனசுல உள்ளது மூஞ்சியில தெரிஞ்சிடும், சம்பந்தி. எங்க வீட்டுக்காரர ஏத்தினப்ப கைகட்டி நின்னு பாத்தேன். இன்னொரு தடவ அப்படி நிக்க மாட்டேன்."

அதற்குள் சத்தம் கேட்டுப் போலீஸ்காரர் பந்தலுக்குள் வந்துவிட்டார். ஆறு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சண்டை? எட்டுப் பேருக்குப் பாஸ், ரெண்டு பேர்தானே வாசிச்சது?" என்று மலாயில் அதட்டினார்.

பையன்கள் மேளங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

நல்லையா துண்டை உதறித் தோளில் போட்டார். நடுப் பந்தலில் வந்து நின்று, ஜப்பான்காரன் முகாம் வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"மத்தவங்க ஊர்வலத்துக்கு வாசிக்கிறவங்க, துவான். ஆள் பத்தலைன்னுதான் சம்பந்தியம்மாகிட்ட சண்டை! ஐப்பசியில என் சின்ன மகளுக்கும் கல்யாணம். அதுக்குப் பதினாறு பேர் மேளம், இப்பவே பாஸ் எழுதி வைக்கச் சொல்லுங்க!"