ரத்தம் வராத அடி

பந்தியில் உட்கார்ந்து இரண்டு வாய்கூட உண்டிருக்க மாட்டாள். இலையிலேயே வாந்தி எடுத்தாள்.

பக்கத்து இலைக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. சிரித்தார்கள்.

"ஏனுங்க மாப்ளே, விசேஷமுங்களா?" அவளுடைய சித்தி மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டாள்.

அவளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். அந்தக் குடும்பமே இதற்காகத்தான் காத்திருந்தது.

அவள் புருஷன் சிரித்துவைத்தான்.

அது போதுமாயிருந்தது. அவளுடைய அண்ணன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். யாரோ அவன் வாயில் ஜாங்கிரியைத் திணித்தார்கள்.

அவளை மணப்பெண் அறையில் படுக்கவைத்தார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். மசக்கை அப்படித்தான் என்று சித்தி விளக்கை அணைத்தாள். தூக்கமாக வருகிறது என்றாள். தூங்கட்டும் என்றார்கள்.

அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வரும் வழியில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டே ஓட்டினான். வேகத்தடையைக் கவனிக்கவில்லை. பட்டுப் புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தவள் மல்லாந்து விழுந்தாள். பின்மண்டை தார் ரோட்டில் மோதிய சத்தம் அவனுக்குக் கேட்டது.

தலை நிறையப் பூ வைத்திருந்தாள். ஹெல்மெட் அவனுக்கு மட்டும்தான்.

எழுந்து நின்று சிரித்தாள். ரத்தம் வரவில்லை. வீட்டு மனிதர்கள் யாரிடமும் சொல்லாதே என்றான். மாமனார் வீட்டார் முன்னால் கட்டின மனைவியைக் கீழே போட்டவனாக நிற்க முடியாது அவனால்.

இப்போது ஜாங்கிரியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜன்னலோரம் போய்த் துப்பினான். அறைக் கதவைத் திறந்தான்.

"மாசமா எல்லாம் இல்லீங்க. வண்டியில இருந்து நாந்தான் கீழ போட்டுட்டேன். தலையில அடி."

சித்தி அவனைப் பார்க்காமல் விளக்கைப் போட்டாள்.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் எப்ப விழுந்தேன்? அப்ப விசேஷமில்லீங்களா மாமா?"

இல்லை என்றான். அவள் அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

அண்ணன் காரை எடுத்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவள் புருஷன் தோளில் சாய்ந்திருந்தாள். அழுகை நின்றிருந்தது. மெல்லத் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"மாமா, விசேஷம்னு சித்தியெல்லாம் சொல்றாங்களே. நெசமாலுமா?"

அவன் அவள் தலையை மறுபடி தோளில் சாய்த்துக்கொண்டான்.

அண்ணன் கண்ணாடியில் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான். வேகத்தைக் கூட்டினான்.