அந்த ஒரு தெரு மட்டும்

"காக்காவா? கம்பத்து மேல காக்கா உக்காந்திருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்களா?"

முதலாளி கேட்ட கேள்விக்குப் பெர்மிட் அக்காவால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

'படத்தில் மின்கம்பத்தின் உச்சியைக் காகம் மறைக்கிறது. காகம் இல்லாத படத்துடன் மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி அது. மின்சார ஆபீஸ் அனுமதி கொடுத்தால்தான் அவர்களுடைய கம்பங்களில் கேபிள் கட்டலாம். முன்பெல்லாம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். இப்போது எல்லாம் ஆன்லைன். கம்பத்தைப் படம் எடுத்து, உயரம் இடைவெளி எல்லாம் குறித்து அனுப்பினால், யாரோ ஒரு ஆபீசர் பார்த்துப் பச்சை போடுவார். அவர் பெயர்கூட வராது, நம்பர் மட்டும்தான் வரும். இதை அனுப்பி அனுப்பியே அவளுக்குப் பெர்மிட் அக்கா என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

"போன தடவை என்ன சொன்னாரு?"

"ஏணி நிழல் விழுதுன்னாரு சார். அதுக்கு முந்தி கம்பத்து நம்பர் மங்கலா இருக்குன்னாரு. பெயிண்ட் அடிச்சு எழுதிட்டு வந்தோம்."

"மத்த தெருவெல்லாம்?"

"அதே ஆபீசர்தான் சார். அனுப்பின மறுநாளே பச்சை போட்டுடறாரு. இந்த ஒரு தெருதான் உசிர வாங்குது."

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. இந்த வாரம் அங்க கேபிள் போயாகணும். போகலைன்னா இந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அவள் கம்ப்யூட்டரை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதலாளி நகர்ந்தாரோ இல்லையோ, போன் அடித்தது. அந்தத் தெருவின் கடைசி வீட்டுப் பெண். முகம் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரலைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

"ஏங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? வீட்ல நெட் இல்லாம, தெனமும் ரெண்டு பஸ் மாறி அம்மா வீட்டுக்குப் போய் ஆபீஸ் வேலை பாக்கறேன். இடுப்பே விட்டுப்போச்சு!"

"எங்க கையில எதுவும் இல்லை மேடம். மின்சார ஆபீஸ்ல ஒருத்தர் திருப்பித் திருப்பி அனுப்பறாரு."

"அந்த ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும், அப்புறம் இருக்கு!"

போன் துண்டிக்கப்பட்டது. பெர்மிட் அக்கா லைன்மேனை விரட்டினாள். அவர் கையைத் தட்டித் தட்டிக் காக்காவை விரட்டிவிட்டு, புதிதாகப் படம் எடுத்து வந்தார். அனுப்பினாள்.

மறுநாள் காலையில் திரையைத் திறந்தால், மறுபடியும் சிவப்பு.

'காகம் இல்லை. ஆனால் வானம் மேகமூட்டமாக உள்ளது.'

அவ்வளவுதான். கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டு நேரே மின்சார ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே நம்பரைச் சொல்லிக் கேட்டால், நாற்காலி காலியாக இருந்தது.

"சாரா? எல்லாம் ஆன்லைன் ஆனதுலேர்ந்து வீட்ல இருந்தே பாக்கறாரும்மா," என்றார் பியூன். "பின்னாடி தெருதான். பச்சை கேட் போட்ட வீடு."

போகிற வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள். வேலை போனாலும் போகட்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் வருவதில்லை.

கதவைத் திறந்தவர், அவள் நினைத்து வைத்திருந்த ராட்சசன் மாதிரி இல்லை. நரைத்த தலை, சாதுவான முகம். தோளில் ஒரு கைக்குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. மேஜையில் லேப்டாப். குழந்தையின் முதுகைத் தட்டியபடியே ஒற்றை விரலால் எதையோ அடித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

கம்பெனி பெயரையும் தெருவின் பெயரையும் சொன்னதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"சார், மேகத்துக்கு நான் என்ன சார் பண்றது? துணி போட்டுத் தொடைக்கவா?"

"மெதுவாம்மா, மெதுவா," என்று கிசுகிசுத்தார். "குழந்தை தூங்குது."

அவளும் குரலைத் தாழ்த்தினாள். கோபம் தாழவில்லை. "மத்த தெருவுல எல்லாம் மேகம் வரலையா? உங்களுக்கு எங்க மேல என்ன சார் கோவம்? இதனால என் வேலையே போகப்போகுது."

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா." அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். "ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல..."

"எந்த ரூல்ஸ்ல சார் காக்கா வருது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய போன் அடித்தது. கடைசி வீட்டுப் பெண்! எடுக்காவிட்டால் விடமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

"என்னங்க, இன்னிக்காவது பச்சை போட்டாரா இல்லையா? எங்கப்பாகூட அதே ஆபீஸ்தான். அந்த ஆளு யாருன்னு அவருக்கே தெரியலையாம்!"

அந்தக் குரல் போனில் மட்டும் கேட்கவில்லை. சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்தும் கேட்டது.

பெர்மிட் அக்கா மெல்ல நிமிர்ந்தாள். ஆபீசர் தோளில் கிடந்த குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு, கண்ணாலேயே அவளைக் கெஞ்சினார்.

"பச்சை போட்டுட்டா, பேத்தி நாளைலேர்ந்து இங்க வரமாட்டாம்மா."